நீல விளக்கோடு ஜிங்க், கால்சியம்: எது எதற்கு?

பிறந்து மூன்று நாளான குழந்தை கண்கள் மூடிக் கட்டப்பட்டு, வெறும் டயப்பரோடு நீல விளக்கின் கீழ் படுத்திருக்கிறது. அதன் மருந்துச் சீட்டில் ஜிங்க் சொட்டு மருந்து எழுதியிருக்கிறது. பக்கத்துத் தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு ஜிங்க் இல்லை, கால்சியம் கொடுக்கிறார்கள். மூன்றாவது குழந்தைக்கு இரண்டுமே இல்லை, விளக்கு மட்டும்தான். மூன்று பேருக்கும் மஞ்சள் காமாலைதான். பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக் குழம்பிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், இவை எல்லாவற்றையும் நாம் 'சத்து மருந்து' என்று ஒரே பையில் போட்டுவிடுவதுதான். உண்மையில் ஜிங்கும் கால்சியமும் ஒரே வேலைக்காகக் கொடுக்கப்படுவதில்லை. ஜிங்க், விளக்கு செய்யும் வேலைக்குக் கை கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் தரப்படுகிறது. கால்சியமோ, விளக்கினாலேயே வரக்கூடிய ஒரு பக்கவிளைவைச் சமாளிக்க. முதலாவது எதிர்பார்ப்பு எவ்வளவு நிறைவேறியது, இரண்டாவது பயம் எவ்வளவு நியாயமானது என்பதைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் மஞ்சள் எங்கிருந்து வருகிறது, விளக்கு அதை என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ரத்தச் சிவப்பணு உடையும்போது அதிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளாகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினிலிருந்து ஏறத்தாழ 35 மில்லிகிராம் பிலிருபின் கிடைக்கும். பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். பிறந்த குழந்தையுடையது 70 முதல் 90 நாள்தான். அணுக்களின் எண்ணிக்கையும் குழந்தைக்கு அதிகம். ஆக, எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிலிருபின் உற்பத்தியாகிறது. வரத்து இப்படி என்றால் வெளியேற்றம் அதைவிட மோசம். பிலிருபினைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி பித்தத்தில் தள்ளிவிடும் என்சைம் ஒன்று கல்லீரலில் இருக்கிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தையிடம்கூட அதன் வேகம், பெரியவர்களிடம் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் மாதம் நிறைந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதமும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதமும் முதல் வாரத்தில் மஞ்சளாகத் தெரிகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அது தானாக இறங்கிவிடும். அளவு மிக அதிகமாகி, ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டாத பிலிருபின் மூளைக்குள் போய்விட்டால் மட்டுமே ஆபத்து. மூளையின் ஆழத்தில் இருக்கும் சில பகுதிகளை அது நிரந்தரமாகக் கெடுத்துவிடும். காது கேட்காமை, கை கால் இழுப்பு, இப்படிப் பல விளைவுகள். விளக்கின் கீழ் குழந்தையை வைப்பது தோலின் நிறத்தைச் சரிசெய்ய அல்ல, மூளையைக் காப்பாற்றத்தான்.

இந்த விளக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜீன் வார்டுக்கு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகும் பழக்கம். ஒரு நாள் அப்படித் திரும்பிய குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, துணியின் ஓரம் மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதே மருத்துவமனையில், வெயில் படும் இடத்தில் மறந்து வைத்த ரத்த மாதிரியில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததில் பிறந்ததுதான் ஒளி சிகிச்சை. 1958ல் லான்செட் இதழில் அது வெளியானது.

ஒளி பிலிருபினை எரித்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அழிவது மிகக் கொஞ்சம். பிலிருபின் மூலக்கூறு தன்னைத்தானே மடித்துக்கொண்டு, தண்ணீரோடு சேரும் பகுதிகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். அதனால்தான் அது தண்ணீரில் கரைவதில்லை. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் அந்த மடிப்பு திரும்பிக்கொள்கிறது. உருமாறிய பிலிருபின், கல்லீரல் என்சைமின் தயவு இல்லாமலே பித்தத்துக்குள் போய்விடும். லூமிருபின் என்ற ஒரு வடிவம் பழையபடி மாறவே மாறாது. சிறுநீரிலும் பித்தத்திலும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒளி அதிகமாக உண்டாக்குவது இன்னொரு வடிவத்தை. அது அரைகுறை வடிவம். ஒளியை விட்டு விலகி பித்தத்துக்கும் குடலுக்கும் போனதும் பழைய பிலிருபினாகவே திரும்பிவிடக்கூடியது. (நீல விளக்கு என்றதும் புற ஊதாக் கதிர் என்று பயப்படுவோர் உண்டு. சிகிச்சைக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் நீலம்தான், புற ஊதா அல்ல.)

குடலில் ஒரு ஓட்டை

ஜிங்கின் கதை தொடங்குவது இந்தக் குடலில்தான். பெரியவர்களின் குடலுக்கு வந்த பிலிருபினை அங்குள்ள பாக்டீரியாக்கள் வேறு பொருட்களாக மாற்றிவிடும். மலத்தின் பழுப்பு நிறம் அதனால் வருவதுதான். பிறந்த குழந்தையின் குடலில் அந்த பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. போதாததற்கு, கல்லீரல் கஷ்டப்பட்டுக் கரையவைத்து அனுப்பிய பிலிருபினைத் திரும்பவும் பிரித்துவிடும் ஒரு என்சைம் குடல் சுவரிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. பிரிந்த பிலிருபின் குடல் வழியே உறிஞ்சப்பட்டு மீண்டும் ரத்தத்துக்கே வந்துவிடும். முன்வாசல் வழியாக வெளியே தள்ளியது பின்வாசல் வழியாக உள்ளே வருவது மாதிரி. குழந்தை முதலில் கழிக்கும் கரும்பச்சை மலத்தில் ஒரு நாளில் உற்பத்தியாவதைப் போலப் பல மடங்கு பிலிருபின் தேங்கியிருக்கும். அது வெளியேறத் தாமதமானால் அதில் ஒரு பகுதியும் ரத்தத்துக்குத் திரும்பும்.

துத்தநாகம், அதாவது ஜிங்க், இந்தப் பின்வாசலை அடைக்கும் என்பதுதான் யோசனை. குடலில் இருக்கும் அமில-கார நிலையில் ஜிங்க் உப்பு பிலிருபினைப் பிடித்துப் படிய வைக்கிறது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. 2001ல் வெளியான ஆய்வில், ஹாம்ஸ்டர் எலிகளுக்கு ஜிங்க் கொடுத்தபோது பித்தத்துக்குத் திரும்பிவரும் பிலிருபின் குறைந்தது. அடுத்த ஆண்டே, கில்பர்ட் குறைபாடு என்ற, பிறவியிலேயே சற்று மஞ்சள் கூடுதலாக இருக்கும் தன்மை கொண்ட பெரியவர்களிடம் ஜிங்க் சல்பேட் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்திலும் அளவு இறங்கியது. சரி, குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் யோசித்தது இயல்புதான். மலிவான மருந்து, வாய் வழியாகக் கொடுக்கலாம், வயிற்றுப்போக்குக்காகக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே தரப்படும் பொருள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது நாளுக்கு 10 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

டெல்லியில் நடந்து 2011ல் வெளியான சோதனை இந்த வரிசையில் முக்கியமானது. பிறந்த ஒரு நாளிலேயே பிலிருபின் சற்று உயர்ந்திருந்த 294 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் ஜிங்க், மறு பாதிக்கு அதைப் போலவே தோன்றும், ஜிங்க் இல்லாத வெறும் மருந்து. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்கும் பெற்றோருக்கும் தெரியாது. எத்தனை குழந்தைகளுக்கு பிலிருபின் டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராமை எட்டியது என்று பார்த்தால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். விளக்கு தேவைப்பட்டவர்கள் விகிதத்திலும் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் விளக்கின் கீழ் இருந்த நேரம் மட்டும் ஜிங்க் குழுவில் சராசரியாகச் சுமார் 13 மணி நேரம் குறைந்தது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015ல் இந்தக் கேள்வியை அலசியபோது, சேர்த்துக்கொள்ளத் தகுதியானதாக அதற்குக் கிடைத்தது இந்த ஒரே சோதனைதான்.

13 மணி நேரம் என்பதை நான் அற்பமாகச் சொல்ல மாட்டேன். பிரசவம் முடிந்த களைப்போடு, குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது பெரிய நேரம். ஆனாலும் அந்த எண்ணை இரண்டு முறை யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, விளக்கில் இருந்த நேரம் என்பது விளக்கு தேவைப்பட்ட குழந்தைகளிடம் மட்டுமே அளக்கக்கூடியது. 294 பேரை குலுக்கல் முறையில் சமமாகப் பிரித்ததன் பலம், அவர்களில் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிடும்போது குறைந்துவிடுகிறது. இரண்டாவது, விளக்கை எப்போது அணைப்பது என்பது ரத்தப் பரிசோதனை எப்போது எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையா, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையா, இரவில் எடுப்பார்களா, காலை ரவுண்டு வரும்வரை காத்திருப்பார்களா என்பதிலேயே பல மணி நேரம் கூடிக் குறையும். 2014ல் வாரணாசியிலிருந்து வந்த இன்னொரு சோதனையில், ஏற்கெனவே மஞ்சள் ஏறிய குழந்தைகளுக்கு ஜிங்க் கொடுத்தும் பிலிருபின் இறங்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் ஜிங்க் வீணா? எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. விளக்கு எரியும்போதுதான் பித்தம் வழியாக அதிக பிலிருபின் குடலுக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி திரும்பவும் உறிஞ்சப்படக்கூடிய பழைய வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே பின்வாசலை அடைக்கும் மருந்து ஏதாவது பயன் தருமென்றால், மஞ்சள் வராமல் தடுப்பதைவிட, விளக்கு எரியும் மணிகளில்தான் தர வேண்டும். எண்ணிக்கை குறையாமல் நேரம் மட்டும் குறைந்தது என்ற டெல்லி முடிவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போவதால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. மருத்துவத்தில் வழிமுறை அழகாக இருந்து மருந்து வேலை செய்யாமல் போன கதைகள் நிறைய.

பின்வாசலை அடைக்கும் முயற்சி ஜிங்கோடு தொடங்கியதும் அல்ல. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், கரித்தூள், கொழுப்பைக் குறைக்கத் தரும் கொலஸ்டைரமின் எல்லாம் இதே எண்ணத்தில் முயன்று பார்க்கப்பட்டவை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2010ல் வெளியிட்ட வழிகாட்டி இவை மூன்றையும் மஞ்சள் காமாலைக்குத் தர வேண்டாம் என்றே பட்டியல் போட்டுச் சொல்கிறது.

கிரிக்லர்-நஜ்ஜார் என்ற அரிய பிறவி நோயை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லீரலில் அந்த என்சைமே இல்லாததால், இந்த நோயாளிகள் தினமும் பல மணி நேரம் விளக்கின் கீழ் கழிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு கால்சியம் பாஸ்பேட்டை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997ல் வெளியானது. குடலில் அது பிலிருபினைப் பிடித்துக்கொண்டதால் ரத்தத்தில் அளவு மிதமாக இறங்கியது. விளக்கும் தாதுவும் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஆனால் அது ஆயுள் முழுக்க விளக்கை நம்பியிருப்பவர்களின் கதை. நாலைந்து நாளில் தானாகவே இறங்கப்போகும் மஞ்சளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கால்சியம் வேறு கணக்கு

சாதாரண மஞ்சள் காமாலையில் கால்சியம் கொடுப்பது பிலிருபினைக் குறைக்க அல்ல. விளக்கின் கீழ் இருக்கும் குழந்தைகள் சிலருக்கு ரத்தக் கால்சியம் இறங்குகிறது என்று 1970களின் இறுதியிலேயே கவனித்தார்கள். மாதம் நிறைந்த குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே, குறைமாதக் குழந்தைக்கு 7க்குக் கீழே போனால் அதைக் குறைவு என்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளிடம் இது கூடுதலாகத் தெரிகிறது.

நீல வெளிச்சத்துக்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம்? 1981ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு எலி ஆய்வு வித்தியாசமான பதிலைச் சொன்னது. குட்டி எலிகள் மீது ஒளி பட்டதும் கால்சியம் இறங்கியது; மெலடோனின் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் இறங்கவில்லை. இதிலிருந்து வந்த விளக்கம் இப்படி: பிறந்த குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது. ஒளி உள்ளே ஊடுருவி, மூளையின் நடுவே இருக்கும் பினியல் சுரப்பி மெலடோனின் சுரப்பதைக் குறைக்கிறது. மெலடோனின் குறைந்தால், கார்ட்டிசால் ஹார்மோன் ரத்தக் கால்சியத்தை எலும்புக்குள் இழுக்கும் வேலைக்குத் தடை இல்லாமல் போகிறது. இந்த விளக்கத்தை நம்பித்தான் சில இடங்களில் குழந்தையின் தலைக்குத் தொப்பி போட்டு விளக்கின் கீழ் வைத்து, கால்சியம் இறங்குவது குறைகிறதா என்று பார்த்தார்கள். மருந்தே இல்லாமல் ஒரு பக்கவிளைவைத் தடுக்க முயலும் அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. விளக்கின் கீழ் சிறுநீர் வழியே கால்சியம் கூடுதலாகப் போகிறது என்ற விளக்கமும் உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. விளக்கு இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த முதல் இரண்டு நாளில் கால்சியம் இறங்கத்தான் செய்யும். நஞ்சுக்கொடி வழியாக வந்துகொண்டிருந்த கால்சியம் தொப்புள்கொடியை வெட்டியதும் நின்றுவிடும். அதை ஈடுகட்ட வேண்டிய பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள், பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள் ஆகியோருக்கு இந்த இறக்கம் இன்னும் ஆழமானது. இவர்களில் பலர் மஞ்சள் காமாலைக்கும் எளிதில் ஆளாகிறவர்கள். ஆகவே விளக்குக்கு முன்னும் பின்னும் அளந்துவிட்டு, எல்லாப் பழியையும் விளக்கின் மீது போடுவது சரியல்ல.

கால்சியம் இறங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவர்களிடம் வெளியே ஒன்றும் தெரியாது. விளக்கை நிறுத்திய பின் அளவு தானாகவே மீண்டுவிடும். சிலரிடம் கை கால் நடுக்கம் தெரியும். அரிதாக வலிப்போ மூச்சு நின்று நின்று வருவதோ உண்டு. அதனால் விளக்கில் வைக்கும் எல்லாக் குழந்தைக்கும் முன்னெச்சரிக்கையாகக் கால்சியம் கொடுக்கலாம் என்பது ஒரு கட்சி, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் ரத்தத்தில் அளந்து பார்த்துக் கொடுக்கலாம் என்பது இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவதற்கு. காரணம், கால்சியம் அவ்வளவு சாதுவான பொருள் இல்லை. நரம்பு வழியாக ஏற்றும்போது ஊசி நழுவி வெளியே கசிந்தால் தோலே வெந்து புண்ணாகும். வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தளரும். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதே ஆன்டிபயாட்டிக் பிலிருபினை அல்புமினிலிருந்து தள்ளிவிடக்கூடியது என்பதால், மஞ்சள் அதிகமுள்ள பிறந்த குழந்தைக்கு எப்படியும் தவிர்க்கப்படுகிறது.

மெக்னீசியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிலிருபின் மூளை செல்லைத் தாக்கும் வழிகளில் ஒன்று, அந்த செல்லின் மேலுள்ள என்எம்டிஏ என்ற நுழைவாயில் அளவுக்கு மீறித் திறந்துகொள்வது. மெக்னீசியம் அந்த வாயிலுக்கு இயற்கையான தாழ்ப்பாள். மஞ்சள் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் மெக்னீசியமும் கூடியிருப்பதாகச் சில அளவீடுகள் காட்டியதும், உடம்பு தன் மூளையைத் தானே காத்துக்கொள்கிறதோ என்று ஊகித்தார்கள். அழகான ஊகம்தான், ஆனால் மஞ்சளுக்காகக் குழந்தைக்கு மெக்னீசியம் கொடுக்க அது போதாது.

அப்படியானால் வீட்டில் என்ன?

இந்த மருந்துகளை யோசிக்கும்போது மறந்துபோவது பாலைத்தான். குடலின் பின்வாசலை அடைக்கச் சிறந்த வழி, குடலை வேகமாகக் காலி செய்வது. நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் குழந்தை அடிக்கடி மலம் கழிக்கும். பிலிருபின் திரும்ப உறிஞ்சப்பட நேரம் கிடைக்காது. தாய்ப்பாலில் பிலிருபினைப் பிரிக்கும் என்சைம் இருக்கிறதே, நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் வாரத்தில் மஞ்சள் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பால் போதாமல் இருப்பதுதான், பால் அதிகமாவது அல்ல. தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து மஞ்சளை இறக்க முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டி அதைச் செய்யக் கூடாது என்றே சொல்கிறது. வெயிலில் காட்டுவதும் விளக்குக்கு மாற்று அல்ல. எவ்வளவு ஒளி படுகிறது என்று தெரியாது, தோல் பொசுங்கும், உடம்புச் சூடு ஏறி இறங்கும்.

மருந்துச் சீட்டில் ஜிங்க் இருந்தால் பதற வேண்டாம். சோதனைகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு போன்றவை அரிதாகவே வந்தன, வெறும் மருந்து வாங்கிய குழந்தைகளிடம் வந்த அளவுக்குத்தான். இல்லையென்றாலும் ஏதோ விட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். வீட்டில் மீதம் இருக்கும் வயிற்றுப்போக்கு ஜிங்க்கைத் தாங்களாகவே கரைத்துக் கொடுப்பது மட்டும் கூடாது. அளவு மீறினால் வாந்தி வரும், நீண்ட நாள் கொடுத்தால் செம்புச் சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். "எதற்காக எழுதினீர்கள் டாக்டர், விளக்கு நேரம் குறையவா, கால்சியம் இறங்காமல் இருக்கவா?" என்று கேட்பதில் தவறே இல்லை. கால்சியம் என்றால், ரத்தத்தில் அளந்து பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

விளக்கோ தாதுவோ தொடவே முடியாத மஞ்சள் ஒன்று இருக்கிறது. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகாமல், மலம் களிமண் போல வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும் அளவுக்கு அடர்த்தியாகவும் இருந்தால், கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது, பித்தம் வெளியேறும் பாதைதான் அடைபட்டிருக்கலாம் என்று பொருள். அப்போது ரத்தத்தில் நேரடி பிலிருபினை, அதாவது கல்லீரல் கரையும்படி மாற்றிவிட்ட பிலிருபினை, தனியாக அளந்து பார்க்க வேண்டும். பித்தநாள அடைப்பு என்று உறுதியானால் கசாய் என்ற அறுவை சிகிச்சை தேவைப்படும். அது பிறந்த 60 நாளுக்குள் நடந்தால்தான் பித்தம் மறுபடி ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு.